கால்குலேட்டர் கையில் இருக்கும்போது கணக்கை எதுவரை கற்க வேண்டும், எப்படிக் கற்க வேண்டும்?

கால்குலேட்டர் இருக்கும்போது கணிதத் திறன் எதற்கு என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. ஏனெனில் கணிதத் திறன் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. கொடுக்கப்பட்ட நிலைமைக்கு எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று தீர்மானிப்பது முதல் வேலை. அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பது இரண்டாவது. வந்த விடையை நம்பலாமா என்று பார்ப்பது மூன்றாவது. கருவி ஏற்றுக்கொள்வது நடுவில் உள்ள வேலையை மட்டுமே. முன்னும் பின்னும் உள்ள இரண்டும் அதைப் பயன்படுத்துபவரின் பொறுப்பிலேயே இருக்கின்றன.

ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓரிடத்துக்குப் போய், அதே வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் என்ன என்று கேட்டால், 60ஐயும் 40ஐயும் கூட்டி 2ஆல் வகுக்கும்படி கருவியிடம் சொல்பவருக்கு அது தயங்காமல் 50 என்று காட்டும். ஆனால் ஒருவழித் தூரத்தை 120 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், போக 2 மணி நேரமும் வர 3 மணி நேரமும் ஆகின்றன. 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம் என்றால் சராசரி 48தான். கருவி போட்ட கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை ஏதும் இல்லை. கேட்கக் கூடாத கணக்கைக் கேட்டதுதான் பிழை.

ஆகவே, எதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், எதைத் தாளில் பழக வேண்டும், எதைத் துணிந்து கருவியிடம் விட்டுவிடலாம், விட்ட பிறகு எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பவற்றைத்தான் இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. மாணவர்களுக்கும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், பள்ளிக் கணக்கை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பெரியவர்களுக்கும் அடிப்படை ஒன்றே.

கருவி மாறியபோது எது தொலைந்தது

கணக்கிடும் உழைப்பைக் குறைப்பதற்கான முயற்சி புதியது அன்று. ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கையை (லாகரிதம்) வெளியிட்ட பிறகு, பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றிச் செய்ய முடிந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு அடுத்த சில ஆண்டுகளில் உருவான ஸ்லைடு ரூல் (அளவுக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திக் கணக்கிடும் கருவி), ஏறத்தாழ 350 ஆண்டுகள் பொறியாளர்களின் கையில் இருந்தது. 1972ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் எச்பி-35 என்ற, சட்டைப்பைக்குள் அடங்கும் அறிவியல் கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஸ்லைடு ரூல் வழக்கொழிந்துபோயிற்று.

ஸ்லைடு ரூலில் ஒரு குறை இருந்தது. அது இலக்கங்களை மட்டுமே காட்டும், 2.4, 24, 240 ஆகிய மூன்றும் அதில் ஒரே இடத்தில்தான் விழும். தசமப் புள்ளி எங்கே வரும் என்பதைப் பயன்படுத்துபவரே தம் மனத்தில் உத்தேசமாகக் கணித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அதனால் அந்தக் கருவியை நாள்தோறும் கையாண்டவர்கள், விடை நூற்றுக்கணக்கில் வருமா, ஆயிரக்கணக்கில் வருமா என்று ஒவ்வொரு முறையும் யோசித்தே தீர வேண்டியிருந்தது. கால்குலேட்டர் தசமப் புள்ளியையும் தானே வைத்துவிட்டதால் அந்தக் கட்டாயம் நீங்கியது. கட்டாயத்தால் வந்த பழக்கமும் அதனோடு போயிற்று. கால்குலேட்டரால் உண்மையிலேயே ஓர் இழப்பு நேர்ந்தது என்றால் அது இதுதான் என்பது என் கருத்து. நீண்ட பெருக்கலை மறந்ததால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. விடையின் அளவை முன்கூட்டியே உணரும் பழக்கம் போனதுதான் நட்டம். கருவி இனி வற்புறுத்தாது என்பதால், அந்தப் பழக்கத்தை நாமே முயன்று ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை

ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. 7 × 8 என்ன என்று தேடுவதிலேயே கவனம் செலவாகிவிட்டால், எந்தப் படியில் இருந்தோம் என்பது நழுவிவிடும். கருவியை எடுத்து அழுத்திப் பார்த்தாலும் அதே நழுவல் நேர்கிறது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் அதைவிட முக்கியமானது: சில இடங்களில் வாய்ப்பாடு தெரியாதவருக்கு எதை அழுத்த வேண்டும் என்பதே தெரியாது. அ² + 17அ + 72 என்ற கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால், பெருக்கினால் 72ஆகவும் கூட்டினால் 17ஆகவும் அமையும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். வாய்ப்பாடு தெரிந்தவருக்கு 8, 9 என்ற எண்கள் தாமாகவே முன்னால் வந்து நிற்கும். தெரியாதவர் கையில் கருவி இருந்தாலும், எந்த இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்ப்பது என்று விழித்துக்கொண்டிருப்பார்.

வாய்ப்பாட்டைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 2 முதல் 9 வரை உள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால், 3 × 7, 7 × 3 ஆகியவற்றை ஒன்றாகவே கொள்ளும்போது மொத்தம் 36 பெருக்கல்கள்தான். 2ஆம் வாய்ப்பாடும் 5ஆம் வாய்ப்பாடும் எல்லோருக்கும் எளிதில் வந்துவிடும். அவற்றை நீக்கினால் 21. பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்து 9ஆம் வாய்ப்பாட்டைச் சொல்லிவிடலாம் என்பதால் அதையும் நீக்கினால், உண்மையில் உட்கார்ந்து நெட்டுருச் செய்ய வேண்டியவை 15 மட்டுமே. அவற்றிலும் தடுமாற வைப்பவை பெரும்பாலும் 6, 7, 8 என்ற எண்களைச் சுற்றியே இருக்கும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் ஒப்பிப்பதைவிட, நாளுக்கு ஐந்து நிமிடமாகப் பல நாள்களுக்குப் பிரித்து, வரிசை மாற்றிக் கேட்டுப் பயில்வது நன்றாக மனத்தில் தங்கும். வரிசையாக மட்டுமே சொல்லப் பழகிய பிள்ளை, 7 × 8 என்று நடுவில் கேட்டால் 7 × 1இலிருந்து தொடங்குவதைப் பார்க்கலாம்.

வாய்ப்பாட்டுக்கு அடுத்தபடியாக, நூறாக நிரப்பும் இணைகள் (37க்கு 63, 82க்கு 18 என்பன போல) உடனே வர வேண்டும். பின்னம், தசமம், சதவீதம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே அறிந்திருக்க வேண்டும்: எட்டில் ஒன்று என்றால் 0.125, அதாவது 12.5 சதவீதம், ஆறில் ஒன்று ஏறத்தாழ 16.7 சதவீதம், ஏழில் ஒன்று 14.3 சதவீதத்துக்கு அருகில். 15 வரையுள்ள எண்களின் வர்க்கங்களும் தெரிந்திருந்தால் நல்லது. இதற்கு மேல் மனப்பாடம் தேவையில்லை. 19ஆம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டு பெருமைப்படலாம். ஆனால் அதற்குச் செலவிடும் நேரத்தைப் பின்னத்துக்குச் செலவிட்டால் பயன் அதிகம்.

தாளில் பழக வேண்டியவை, விட்டுவிடக் கூடியவை

இரண்டு இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் பெருக்குவது, கடன் வாங்கிக் கழிப்பது, ஓரிலக்க எண்ணால் நெடுமுறையில் வகுப்பது ஆகியவற்றைத் தாளில் தடையின்றிச் செய்யத் தெரிந்தால் போதும். நான்கு இலக்கத்தை மூன்று இலக்கத்தால் பெருக்கும் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போடுவதில் புதிதாக ஒன்றும் கற்பதில்லை. ஏற்கெனவே தெரிந்ததையே களைப்போடு திரும்பச் செய்கிறோம். மடக்கை அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவதும், வர்க்கமூலத்தை நெடுமுறையில் காண்பதும் இன்று வரலாற்று ஆர்வத்துக்கு உரியவை. பாடத்திட்டம் கேட்டால் கற்றுக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் 50இன் வர்க்கமூலம் 7ஐவிடச் சற்றே பெரியது என்பதைக் கருவி இல்லாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

பின்னங்களின் செய்தி வேறு. இன்றைய கால்குலேட்டர்கள் பலவற்றில் பின்னத்தை அப்படியே உள்ளிட்டு விடையையும் பின்னமாகவே பெறலாம் என்பதால், பின்னக் கூட்டலைக் கையால் கற்பது வீண் என்று சிலர் எண்ணுகிறார்கள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் பன்னிரண்டில் ஏழு என்பதைக் கருவி சொல்லிவிடும் என்பது உண்மைதான். அடுத்த வகுப்பில் 1/அ + 1/ஆ என்று எழுதி அதைச் சுருக்கச் சொல்லும்போது, சாதாரணக் கருவியில் அழுத்துவதற்கு எண்ணே இருக்காது. பகுதிகளைப் பெருக்கிப் பொதுப் பகுதி காண்பது எப்படி, அதற்கேற்பத் தொகுதிகள் ஏன் மாறுகின்றன என்று எண்களில் பழகியவர்தான் (அ + ஆ)/அஆ என்ற விடைக்கு இயல்பாக வந்துசேர்வார். இயற்கணிதம் பெரும்பாலும் எண்கணிதத்தின் அதே விதிகளை எழுத்துகளைக் கொண்டு செய்வதுதான். எண்களில் அந்த விதிகளைக் கைப்படச் செய்து பார்க்காதவருக்கு, எழுத்துகளில் அவை காரணம் புரியாத சடங்காகத் தெரியும்.

நெடுமுறை வகுத்தலையும் இதே காரணத்துக்காக முழுவதுமாகக் கைவிடக் கூடாது. 1ஐ 7ஆல் வகுத்தால் கருவி 0.1428571 என்று காட்டி நின்றுவிடும். தாளில் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் வரும் மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று அமைகிறது. 1 வந்ததும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டோம். 7ஆல் வகுக்கும்போது, மீதியின்றி முடியாதவரை, 1 முதல் 6 வரை உள்ள ஆறு எண்கள்தான் மீதியாக வர முடியும். ஆகவே ஏழாவது படிக்குள் ஏதோ ஒரு மீதி மீண்டும் வந்தே தீரும், அங்கிருந்து இலக்கங்கள் மறுபடி சுழலத் தொடங்கும். எந்தப் பின்னத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் தசமம் ஒன்று முடிவுற வேண்டும் அல்லது சுழல வேண்டும் என்ற உண்மை அந்த ஒரு வகுத்தலிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. கருவியின் திரையில் அது தெரிவதில்லை. இப்படி ஏதேனும் ஒன்றை வெளிக்காட்டும் கணக்குகளைத் தேர்ந்தெடுத்துத் தாளில் போடுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கேடில்லை.

அழுத்துவதற்கு முன் உத்தேசிப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற நேரம் இருப்பவர் இந்தப் பகுதியைப் பின்பற்றினால் போதும். கருவியைத் தொடுவதற்கு முன், விடை எவ்வளவு வரும் என்று ஓர் உத்தேச மதிப்பைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. விடை வந்த பிறகு, நாமும் அப்படித்தான் நினைத்தோம் என்று மனம் எளிதாகச் சொல்லிக்கொள்ளும்.

487 × 62 என்ற பெருக்கலை எடுத்துக்கொள்வோம். 487ஐ 500 ஆக்கலாம். அதை மேலே ஏற்றியதால் 62ஐக் கீழே இறக்கி 60 ஆக்கலாம். 500 × 60 என்றால் 30,000. சரியான விடை 30,194. ஒன்றை ஏற்றும்போது மற்றொன்றை இறக்குவது பெருக்கலில் நல்ல உத்தி. வகுத்தலில் இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்த வேண்டும். இப்போது தவறாக அழுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 62க்குப் பதில் 26 என்று அழுத்தினால் 12,662 வரும். 487இல் 7ஐ இருமுறை தட்டி 4877 ஆக்கிவிட்டால் 3,02,374 வரும். 6க்கும் 2க்கும் இடையே விரல் புள்ளியில் பட்டுவிட்டால் 3,019.4 வரும். தாளோரத்தில் 30,000 என்று எழுதியிருப்பவர் இந்த மூன்றையும் பார்த்தவுடன் நிறுத்திவிடுவார். எழுதாதவர் அப்படியே படியெடுத்துக்கொள்வார்.

தசமங்களில் இந்தப் பயிற்சி இன்னும் தேவைப்படுகிறது. 3.91 × 0.48 என்றால் 4இல் பாதி, ஆகவே 2க்குச் சற்றுக் குறைவு. உண்மையான விடை 1.8768. 7.2 ÷ 0.09 என்பதைப் பார்த்தால், வகுத்தால் குறையும் என்ற எண்ணம் ஊறிப்போனவர்களுக்கு 80 என்ற விடை நம்பும்படியாக இராது. இரண்டையும் 100ஆல் பெருக்கி 720 ÷ 9 என்று மாற்றினால் ஐயம் தீரும். ஒன்றைவிடச் சிறிய எண்ணால் பெருக்கினால் குறையும், வகுத்தால் கூடும் என்பதை விதியாக ஒப்பிப்பதைவிட, பத்துப் பதினைந்து கணக்குகளில் விடையைக் காணாமலேயே, மேலே போகுமா, கீழே வருமா என்று மட்டும் சொல்லிப் பழகுவது நல்லது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே அமையும்.

அழுத்திய பிறகு சரிபார்ப்பது

உத்தேச மதிப்பு பெரிய பிழைகளைத்தான் பிடிக்கும். 487ஐ 478 என்று மாற்றி அழுத்தியிருந்தால் விடை 29,636. அதுவும் 30,000க்கு அருகில்தான் இருக்கிறது. இங்கே உதவுவது கடைசி இலக்கம். 7 × 2 = 14 என்பதால் விடை 4இல் முடிய வேண்டும்; 6இல் முடிந்திருக்கிறது, ஆகவே பிழை.

ஒன்பதை விலக்கும் முறை மற்றொரு நல்ல சோதனை. 487இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. மீண்டும் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. 62க்கு 8. இரண்டையும் பெருக்கினால் 8. விடையான 30,194இன் இலக்கங்களைக் கூட்டினால் 17. மீண்டும் கூட்டினால் 8. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் விடை தவறு என்பது உறுதி. ஒத்துப்போனால் சரி என்பது உறுதியில்லை. குறிப்பாக, இலக்கங்கள் இடம் மாறியதை இந்த முறை கண்டுபிடிக்காது, ஏனெனில் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. மேலே சொன்ன 29,636உம் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். கணக்கு எழுதுபவர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்துவார்கள்: இரண்டு மொத்தங்கள் ஒத்துப்போகாமல், அவற்றின் வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்றுதான் முதலில் தேடுவார்கள். 5,830ஐ 5,380 என்று எழுதிவிட்டால் வேறுபாடு 450, அதாவது 9 × 50.

கழித்தலைக் கூட்டலாலும், வகுத்தலைப் பெருக்கலாலும் திருப்பிப் பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. நீண்ட பட்டியலைக் கூட்டும்போது மறுமுறை கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள். அதே வரிசையில் கூட்டினால், அதே இடத்தில் அதே பிழையைச் செய்யும் வாய்ப்பு உண்டு.

கருவியே தவறு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. முதலில் வெளிவந்த எச்பி-35 கருவிகளில் 2.02இன் இயல் மடக்கையைக் கண்டு, அதிலிருந்து திரும்ப அடுக்கைக் கண்டால், 2.02க்குப் பதிலாக 2 என்று வந்தது; பின்னர் அந்தப் பிழை திருத்தப்பட்டது. இத்தகைய பிழைகள் மிக அரிது. நாம் சந்திக்கும் பிழைகளில் பெரும்பாலானவை, நாம் ஒன்றைச் சொல்லக் கருவி வேறொன்றைப் புரிந்துகொள்வதால் வருபவை.

கருவி நம்மை எப்படிப் புரிந்துகொள்கிறது

2 + 3 × 4 என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். செயல்களின் வரிசையைப் பின்பற்றும் அறிவியல் கால்குலேட்டர் 14 என்று காட்டும். அழுத்திய வரிசையிலேயே கணக்கிடும் எளிய மேசைக் கருவி 20 என்று காட்டும். விண்டோஸ் கணினியில் உள்ள கால்குலேட்டரே சாதாரண நிலையில் 20 என்றும் அறிவியல் நிலையில் 14 என்றும் சொல்லும். ஆகவே புதிய கருவி ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சிறிய சோதனைதான்.

மிகுதியாக நேரும் பிழை, பின்னக் கோட்டுக்குக் கீழே பெருக்கல் வரும்போது நேர்கிறது. 120ஐ, 4க்கும் 5க்கும் உள்ள பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும் என்றால் விடை 6. அதை 120 ÷ 4 × 5 என்று அழுத்தினால் 150 வரும். கீழே உள்ளது முழுவதையும் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும், அல்லது 120 ÷ 4 ÷ 5 என்று இருமுறை வகுக்க வேண்டும். குறை எண்களின் அடுக்கிலும் இதே சிக்கல் உண்டு: −3² என்று உள்ளிட்டால் அறிவியல் கால்குலேட்டர்கள் பொதுவாக −9 என்கின்றன, எக்செல் விரிதாளில் அதையே எழுதினால் 9 வருகிறது. எது சரி என்று வாதாடுவதைவிட அடைப்புக்குறி இட்டுவிடுவது நல்லது.

சதவீதப் பொத்தான் தனியாக எச்சரிக்கப்பட வேண்டியது. 100 + 10 % என்று அழுத்தினால் சில கருவிகள் 110 என்றும், வேறு சில 100.1 என்றும் காட்டுகின்றன. முன்னது நூற்றில் பத்து விழுக்காட்டைச் சேர்க்கிறது, பின்னது பத்து விழுக்காடு என்பதை 0.1 என்ற எண்ணாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொத்தானை மறந்துவிட்டு, 10 சதவீதம் கூட்ட 1.1ஆல் பெருக்குவது, 10 சதவீதம் குறைக்க 0.9ஆல் பெருக்குவது என்று பழகினால் எந்தக் கருவியிலும் சிக்கல் வராது. சதவீதத்தின் பொருளும் அதில் தெளிவாகிவிடும். 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய நிலைக்கே வந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள், 1.2 × 0.8 = 0.96 என்று எழுதிப் பார்த்தால் 4 சதவீதம் குறைந்திருப்பது தெரியும். 20 சதவீதம் உயர்ந்து 600 ஆன ஒரு தொகை முன்பு எவ்வளவு இருந்தது என்ற கேள்விக்கு, 600இல் 20 சதவீதத்தைக் கழித்து 480 என்பவர்கள் உண்டு. 1.2ஆல் பெருக்கி வந்ததை 1.2ஆல் வகுத்துத்தான் திரும்பப் பெற வேண்டும், விடை 500.

இடையில் வரும் விடைகளைச் சுருக்கி எழுதி, மீண்டும் உள்ளிடாதீர்கள். 1 ÷ 7 என்பதை 0.14 என்று சுருக்கிக்கொண்டு 7,000ஆல் பெருக்கினால் 980 வரும். 1,000 வர வேண்டும். நினைவகப் பொத்தான்களும், முந்தைய விடையை அழைக்கும் பொத்தானும் இதற்காகத்தான் இருக்கின்றன. கடைசி விடையில் மட்டும் சுருக்குங்கள். அங்கே கட்டாயம் சுருக்கவும் வேண்டும்: 12.3 மீட்டர் நீளமும் 4.7 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தின் பரப்பு 57.81 சதுர மீட்டர் என்று கருவி சொன்னாலும், அகலத்தை இரண்டு இலக்கத் துல்லியத்தில்தான் அளந்தோம் என்பதால் 58 என்று சொல்வதே நேர்மையான விடை. திரையில் எட்டு இலக்கங்கள் தெரிவதாலேயே எட்டும் நமக்குத் தெரியும் என்று பொருளாகாது.

பிள்ளைகளிடம் எப்போது கொடுப்பது

இதில் ஆய்வுகள் சொல்வது, கால்குலேட்டரை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் உரக்கச் சொல்வதைவிட நிதானமானது. ஹெம்ப்ரீ, டெசார்ட் என்ற இருவர் 79 ஆய்வுகளைத் தொகுத்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், வழக்கமான பாடத்தோடு கால்குலேட்டரையும் பயன்படுத்திய மாணவர்களின் கைக்கணக்குத் திறன் பொதுவாகக் குறையவில்லை என்று கண்டார்கள். ஆனால் நான்காம் வகுப்பில் மட்டும், தொடர்ந்து பயன்படுத்திய நடுத்தர மாணவர்களின் அடிப்படைத் திறன் பாதிக்கப்பட்டதாகத் தெரிந்தது. எலிங்டன் என்பவர் 54 ஆய்வுகளைத் தொகுத்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டதும் கால்குலேட்டரால் திறன் கெடவில்லை என்ற பக்கமே சாய்ந்தது. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுகளில் 2014ஆம் ஆண்டு முதல் கால்குலேட்டர் அனுமதிக்கப்படவில்லை. ஆனால் அங்கேயே பதினாறு வயதில் எழுதும் தேர்வின் மூன்று கணிதத் தாள்களில் ஒன்றுதான் கால்குலேட்டர் இல்லாதது, மற்ற இரண்டிலும் அது உண்டு. அடிப்படைச் செயல்கள் கையில் படியும் வயதில் தள்ளிவைப்பது, படிந்த பிறகு தாராளமாகக் கொடுப்பது என்ற இந்தப் பாகுபாடு எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

தள்ளிவைப்பது என்றால் ஒளித்துவைப்பது அன்று. சிறுவயதிலும் கருவியைக் கேள்வி கேட்கும் பொருளாகக் கொடுக்கலாம். 4, 9 ஆகிய பொத்தான்கள் பழுதாகிவிட்டன என்று வைத்துக்கொண்டு 6 × 49ஐக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 6 × 50இலிருந்து 6ஐக் கழிக்கலாம் என்று பிள்ளை தானாகவே கண்டடைந்தால், பங்கீட்டு விதியின் பெயர் தெரியாமலேயே அதைக் கற்றுவிட்டது என்று கொள்ளலாம். வர்க்கமூலப் பொத்தானைத் தொடாமல், எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 50 வரும் என்று தேடச் சொல்லுங்கள். 7.1 சற்று அதிகம், ஏனெனில் 50.41 வருகிறது; 7.07 சற்றுக் குறைவு, 49.9849 வருகிறது; இடையில் 7.071 இன்னும் நெருங்குகிறது. எவ்வளவு தூரம் போனாலும் முடிவதில்லை என்று பிள்ளை வியக்கும் இடத்தில் விகிதமுறா எண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை எழுதிக்காட்டும் கைபேசிச் செயலிகள் வேறு வகை. கால்குலேட்டர் நடுவில் உள்ள வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது என்றேன். இவை முதல் வேலையையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பிள்ளை தானே ஒருமுறை முயன்று எழுதிய பிறகுதான் அவற்றைத் திறக்க வேண்டும் என்று வரையறுங்கள். திறந்த பிறகு, தன் தாளும் செயலியின் படிகளும் எந்த வரியில் பிரிகின்றன என்று கண்டுபிடித்து, அந்த வரியைக் குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு முன்

கால்குலேட்டர் அனுமதிக்கப்படும் தேர்வானால், தேர்வறைக்குக் கொண்டுபோகும் அதே கருவியில் சில வாரங்களாவது பழகுங்கள். முதல்நாள் புதிதாக வாங்கிய கருவியில் பின்னப் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பது வீண் பதற்றம். கோண அலகைச் சரிபாருங்கள்: சைன் 30 என்று அழுத்தினால் 0.5 வந்தால் கருவி பாகையில் இருக்கிறது, −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. விடைத்தாளில் கருவி தந்த எண்ணை மட்டும் எழுதாமல், எந்தக் கோவையை உள்ளிட்டீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். விரல் தவறியிருந்தாலும் வழிமுறைக்கான மதிப்பெண் கிடைக்க அது உதவும். கால்குலேட்டர் இல்லாத தாளும் உண்டு என்றால் அதற்கான பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கருவி வேறு அறையில் இருக்கட்டும்.